டயாலிசிஸுக்கு முந்தைய இருபது ஆண்டுகள்

(செஞ்சியில் நடந்த வாசகர் வட்டக் கூட்டமொன்றில், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



செஞ்சிக்குப் பேச வருகிறவர்கள் கோட்டையில் தொடங்கிக் கோட்டையிலேயே முடிப்பது வழக்கம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு கேட்கவே வேண்டாம். எனக்கும் ஆசை வரத்தான் செய்தது. மொகலாயரின் எட்டாண்டு முற்றுகையைச் சிறுநீரகத்தோடு முடிச்சுப் போட்டால் கைதட்டல் நிச்சயம். ஆனால் அந்த வேலை எனக்கு வேண்டாம். கோட்டையை விட்டுக் கீழே இறங்கி, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு, நீங்கள் சொல்கிறபடி சொன்னால் கமிட்டிக்கு, வாருங்கள்.

நெல் வரத்து ஏறும் மாதங்களில் அங்கே காலையிலிருந்து வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். 75 கிலோ மூட்டை ஒவ்வொன்றும் ஒருவர் முதுகில் ஏறித்தான் இறங்குகிறது. மதிய வெயிலில் சட்டை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, முதுகில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். குடிக்கிற தண்ணீர் கொஞ்சம், டீ அதிகம். இரவு எட்டு மணிக்கு மெடிக்கல் ஷாப் வாசலில், "அண்ணே, உடம்பு வலிக்கு ரெண்டு குடுங்க." கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார். டைக்ளோஃபெனாக், இல்லாவிட்டால் அசிக்ளோஃபெனாக். சீட்டு கிடையாது, கேள்வி கிடையாது. மறுநாளும் இதே. அறுவடைக் காலம் முழுக்க இதே.

அந்த மனிதருக்குச் சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை, நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. நாட்டின் சுகாதாரக் கொள்கை இவரை எந்த இடத்தில் சந்திக்கிறது? சந்திக்கிறதா? இதைத்தான் இன்று பேச வந்தேன்.

முதலில் சிறுநீரகம் என்ற உறுப்பைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். கைமுட்டி அளவில் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண் வடிகட்டிகள், நெஃப்ரான்கள். ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றரை இரண்டு லிட்டர் தவிர மற்றதையெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. செத்த நெஃப்ரான் மறுபடி முளைப்பதில்லை. மிச்சமிருப்பவை கூடுதலாக உழைத்துச் சமாளிக்கும். அப்படிச் சமாளிப்பதுதான் ஆபத்து. சிறுநீரகம் வலிக்காது. பாதிச் செயல்திறன் போகும்வரை ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு பெரிதாக ஏறாது. கால் வீங்கி, பசி போய், வாந்தி வந்து, மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு வரும்போது பலருக்குப் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும்.

ஆனால் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பலரிடம் ஓர் அடையாளம் தெரிந்துவிடுகிறது. சிறுநீரில் புரதம் இறங்கும். நல்ல வடிகட்டி புரதத்தை விடாது. தவிடு மட்டும் இறங்க வேண்டிய சல்லடையில் அரிசியே இறங்க ஆரம்பித்தால் ஆலைக்காரர் என்ன செய்வார்? உடனே நிறுத்திச் சல்லடையைப் பார்ப்பார். நாம் பார்ப்பதில்லை.

புரதத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையும் இல்லை. நான் படித்த காலத்தில் சோதனைக் குழாயில் முக்கால் பங்கு சிறுநீரை ஊற்றி, சாய்த்துப் பிடித்து, மேல்பாகத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். கீழ்ப்பாகம் தெளிவாக இருக்கும். மேல்பாகம் கொதித்ததும் சில நேரம் வெள்ளையாகக் கலங்கும். இரண்டு சொட்டு நீர்த்த அசிட்டிக் அமிலம் விடுவோம். கலங்கல் தெளிந்துவிட்டால் அது பாஸ்பேட். தெளியாமல் நின்றால் புரதம். ஒரு விளக்கு, ஒரு குழாய், இரண்டு சொட்டு அமிலம், இரண்டு நிமிடம். இன்றைக்குச் சில ரூபாய் விலையில் காகிதப் பட்டை வந்துவிட்டது. நனைத்து நிறத்தைப் பார்த்தால் போதும். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் என்று ஆய்வகச் சோதனை இருக்கிறது.

இனி கொள்கைக்கு வருகிறேன்.

2016 பிப்ரவரி கடைசி நாள், நாடாளுமன்றத்தில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி பட்ஜெட் வாசித்தார். அதில்தான் தேசிய டயாலிசிஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது. அவர் சொன்ன கணக்கு இது: ஆண்டுதோறும் இந்தியாவில் 2.2 லட்சம் பேர் சிறுநீரகச் செயலிழப்பின் கடைசி நிலைக்குப் புதிதாக வந்து சேர்கிறார்கள். அதனால் கூடுதலாகத் தேவைப்படும் டயாலிசிஸ் 3.4 கோடி முறை. ஒரு முறைக்குச் சுமார் 2,000 ரூபாய், ஆண்டுக்கு 3 லட்சத்துக்கு மேல். நாட்டில் அப்போது இருந்தவையோ சுமார் 4,950 மையங்கள், அவற்றிலும் பெரும்பாலானவை தனியார் கையில், பெருநகரங்களில்.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். வாரம் மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 156. அதை 2.2 லட்சத்தால் பெருக்கினால் 3.4 கோடி சரியாக வருகிறது. அதாவது அந்த ஆண்டு வந்தவர்களுக்கு மட்டும். அவர்கள் அடுத்த ஆண்டும் உயிரோடு இருந்தால்? புதிதாக வரும் 2.2 லட்சத்தோடு பழையவர்களும் சேர்ந்து தேவை இரட்டிப்பாகும். மூன்றாம் ஆண்டு மும்மடங்கு. நோயாளி பிழைத்திருக்கப் பிழைத்திருக்கத் திட்டத்தின் செலவு ஏறிக்கொண்டே போகும். எந்த நிதியமைச்சர் வந்தாலும் இந்தக் கணக்கை டயாலிசிஸ் பக்கமிருந்து தீர்க்க முடியாது. புதிதாக வந்து சேர்பவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தால்தான் கணக்கு வழிக்கு வரும்.

டயாலிசிஸ் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் திட்டம் வருவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதைப் பார்த்தவன் நான். காணி நிலத்தை விற்று மூன்று மாதம், மனைவியின் தாலிக்கொடியை விற்று இன்னும் ஒரு மாதம், அப்புறம் வீட்டுக்கு வந்து படுத்துவிடுவார்கள். இன்று மாவட்ட அளவில் அரசு இயந்திரம் இருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 1993இல் சிறுநீரக மருத்துவர் ஜார்ஜி ஆபிரகாம் சென்னையில் தொடங்கிய டேங்கர் அறக்கட்டளை போன்றவை குறைந்த கட்டணத்தில் டயாலிசிஸ் செய்கின்றன. எல்லாம் நல்லதே. ஆனால் இலவசம் என்ற வார்த்தை எதை மறைக்கிறது என்பதையும் பாருங்கள்.

மேல்மலையனூர் பக்கத்துக் கிராமம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று நாள் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ திருவண்ணாமலைக்கோ போக வேண்டும். காலை பஸ். கூட ஒரு ஆள். இருவருக்கும் அன்றைய கூலி போச்சு. போனதும் முதல் வேலை எடை மேடையில் நிற்பது. போன முறையைவிட இரண்டரைக் கிலோ கூடியிருந்தால் அது சதையல்ல, வெளியே போக வழியில்லாமல் உடம்பில் தங்கிய தண்ணீர். கையில் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடம், ஃபிஸ்டுலா, விரலை வைத்தால் மின்மோட்டார் மாதிரி அதிரும். அந்த அதிர்வு இருக்கிறதா என்று தினமும் காலையில் தொட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். இரண்டு தடித்த ஊசிகள். நான்கு மணி நேரம். ஒருவருக்கு ஒரு முறைக்குச் சுத்திகரித்த நீர் மட்டும் 120 லிட்டர் அளவில் ஓடுகிறது. அவருக்குக் குடிக்க அனுமதித்ததோ நாளைக்கு ஒரு லிட்டருக்கும் குறைவு, சாம்பார் ரசம் எல்லாம் சேர்த்து. செஞ்சியின் சித்திரை வெயிலில் இதைக் கடைப்பிடித்துப் பாருங்கள், தெரியும். வாய் கொப்பளித்துத் துப்புவார்கள். ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வார்கள். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும்.

தொலைவுதான் பிரச்சினை என்றால் வயிற்றுவழி டயாலிசிஸ் ஒரு நல்ல வழி. வீட்டிலேயே, பையிலிருந்து திரவத்தை வயிற்றுக்குள் இறக்கி, சில மணி நேரம் கழித்து வடித்துவிடுவது. தாய்லாந்து 2008இல் இதையே முதல் தேர்வாக வைத்துத் தன் பொதுக் காப்பீட்டை நடத்தியது. இந்தியாவும் 2019இல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் அந்தப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. சுத்தம் முக்கியம், தொற்று வந்தால் வம்பு. இருந்தாலும் நம்மைப் போன்ற சிதறிய கிராமங்களுக்கு இது இன்னும் அதிகம் பேசப்பட வேண்டிய வழி என்பது என் கருத்து.

மாற்றுச் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வழிகாட்டியது. 2008இல் இறந்தோர் உறுப்புதானத் திட்டத்தைத் தமிழ்நாடு ஒழுங்காகத் தொடங்கியது. 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் கடனுக்காக விலைபோன செய்தியும் இதே தமிழ்நாட்டிலிருந்துதான் வந்தது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். கடைசி நிலைக்கு வருபவர்கள் கூடக்கூட, வறுமையிலிருப்பவரின் விலாவைத் தேடி வரும் தரகரும் கூடுவார்.

சரி, முன்னால் போய்த் தடுக்க முடியுமா? முடியும் என்பதற்குச் சான்று வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. சென்னைக்கு அருகே இருக்கும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அது நடந்தது. சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, தம் கிட்னி ஹெல்ப் அறக்கட்டளை வழியாக 1997இல் அங்கே ஒரு வேலையைத் தொடங்கினார். சுமார் 25,000 பேர் வாழும் ஊர்கள். பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் ஆண்டுக்கொரு முறை வீடு வீடாகப் போய்ச் சில கேள்விகள் கேட்டு, ரத்த அழுத்தம் பார்த்து, சிறுநீரைச் சோதித்தார்கள். வாங்கிய பட்டையல்ல. புரதத்துக்குச் சல்ஃபோசாலிசிலிக் அமிலம், சர்க்கரைக்குப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் நாமெல்லாம் பார்த்த அதே பெனடிக்ட் கரைசல். ஏதாவது தென்பட்டால் மருத்துவர் பார்த்து, கிடைப்பதில் மிக மலிவான மருந்தைக் கொடுத்தார். கொதிப்புக்கு ரிசர்பின், ஹைட்ரலசின், ஹைட்ரோகுளோரோதயசைட். சர்க்கரைக்கு கிளிபென்கிளமைடும் மெட்ஃபார்மினும். பெருநகர மருத்துவர்கள் மறந்துபோன பழைய மாத்திரைகள்.

செலவு? தலைக்கு ஆண்டுக்கு சுமார் 27 அமெரிக்க சென்ட் என்று எழுதியிருக்கிறார். அன்றைய மதிப்பில் பன்னிரண்டு ரூபாய் சொச்சம். பலன்? சிறுநீரகச் செயல்திறன் குறைந்தவர்கள் ஆயிரத்துக்கு 28 பேர் என்றிருந்த இடத்தில், திட்டம் நடந்த ஊர்களில் 11 பேர். மருந்தின் பெயரை வைத்தோ ஆய்வு முறையை வைத்தோ குறை சொல்ல நிபுணர்களுக்கு இடம் உண்டு. ரிசர்பினை இன்று யாரும் முதல் மருந்தாக எழுத மாட்டார்கள். ஆனால் ஒரு பிளஸ் டூ படித்த பெண், ஒரு பாட்டில் அமிலம், தவறாத வருகை, இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஊர்கள் காட்டிவிட்டன. கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் இன்று கார், செல்போன் தொழிற்சாலைகளுக்குப் பெயர் போன ஊர். சிறுநீரகத்துக்காக அதன் பெயரைச் சொல்பவர்கள் துறைக்குள்ளேயே கொஞ்சம் பேர்தான்.

ஏன் அது நாட்டின் கொள்கையாகவில்லை? ஒரு காரணம் பட்டியல். தொற்றா நோய் என்றால் உலக சுகாதார நிறுவனம் நீண்ட காலம் நான்கைத்தான் முன்னிறுத்தியது: இதய ரத்தநாள நோய், புற்றுநோய், நாட்பட்ட சுவாச நோய், சர்க்கரை நோய். நம் தேசிய சுகாதாரக் கொள்கை, 2017ஆம் ஆண்டினது, அதே நான்கில் அகால மரணத்தை 2025க்குள் கால் பங்கு குறைப்பதாக இலக்கு வைத்தது. சிறுநீரகம் அந்த வரியில் இல்லை. சர்க்கரையோடும் கொதிப்போடும் சேர்ந்து தானாகச் சரியாகிவிடும் என்ற எண்ணம். பிறகு தொற்றா நோய்த் திட்டத்தின் பெயரும் பரப்பும் 2023இல் விரிந்தபோது நாட்பட்ட சிறுநீரக நோயும் உள்ளே வந்தது. 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவையே சிறுநீரக நலத்துக்கென்று தனித் தீர்மானம் போட்டது, குவாத்தமாலா நாட்டின் முன்முயற்சியில். அந்த நாட்டின் பெயரை மனதில் வையுங்கள். காரணத்துக்குச் சற்று நேரத்தில் வருகிறேன்.

தமிழ்நாட்டின் கதை கொஞ்சம் மேம்பட்டது. 2020இல் மாநிலம் முழுக்க எடுத்த கணக்கில், வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7 சதவீதம் சொச்சம். மாத்திரை வாங்க நகரத்துக்கு வர முடியாததே பெரிய காரணம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்தக் குறைக்கு விடையாக வந்தது. சுய உதவிக் குழுப் பெண்கள் தன்னார்வலர்களாக வீட்டு வாசலுக்கு வந்து அழுத்தம் பார்த்து, விரல் நுனியில் சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுக்கிறார்கள். அடுத்த கணக்கெடுப்பில் கட்டுக்குள் இருப்போர் 17 சதவீதம் என்று உயர்ந்தது. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். இன்னும் எண்பது சதவீதத்துக்கு மேல் கட்டுக்கு வெளியே என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது.

எனக்குள்ள குறை, அந்தப் பெண்ணின் பையில் இருப்பதைப் பற்றியது. அழுத்தக் கருவி இருக்கிறது, குளுக்கோமீட்டர் இருக்கிறது. சிறுநீர்ப் பட்டை எல்லாப் பைகளிலும் இருக்க வேண்டும். 2023இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீர்ப் பரிசோதனைக்கென்று அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. நல்ல அடி. ஆனால் அது நிலையத்துக்கு வருபவருக்கு. கமிட்டியில் மூட்டை சுமப்பவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எப்போது போகிறார்? நாய் கடித்தால் போகிறார்.

இப்போது அந்த மனிதரிடம் திரும்புவோம். சர்க்கரையும் இல்லை, கொதிப்பும் இல்லை என்று சொன்னேன் அல்லவா? அவர் நான் பேச்சுக்காகக் கற்பனை செய்த ஆள் அல்ல. சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரக மருத்துவர்கள் முன்னின்று நடத்தி, 2025இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டின் பல வட்டாரங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்தார்கள். முதல் சோதனையில் 17 சதவீதத்துக்கு மேற்பட்டோரிடம் கோளாறு தென்பட்டது. மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தபோது 5.31 சதவீதம் பேரிடம் நிலைத்திருந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சர்க்கரை, கொதிப்பு போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை.

இதில் இரண்டு செய்திகள். ஒன்று, ஒரே சோதனையை வைத்து ஒருவரை நோயாளி ஆக்கக் கூடாது. வெயிலில் வேலை செய்து நீர் வற்றிய உடம்பில் எண்கள் தற்காலிகமாக ஏறும். மூன்று மாதம் கழித்துப் பார்க்க ஆள் வேண்டும், பெயர்ப் பதிவேடு வேண்டும். முகாம் போட்டுப் பந்தல் பிரித்துப் போவது இதற்கு உதவாது. இரண்டாவது செய்திதான் கனமானது. சர்க்கரை, கொதிப்பு என்ற இரண்டு வாசலில் மட்டும் நாம் காவல் நின்றால், வயலில் இருக்கும் பாதி நோயாளிகள் நம் கண்ணில் படாமலே போய்விடுவார்கள்.

என்ன காரணம்? சந்தேகத்தில் முன்னால் நிற்பது வெப்பமும் நீரிழப்பும். ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் குழுவினரும் தமிழக உப்பளத் தொழிலாளர்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, வெப்பச் சுமையையும் சிறுநீரகத் திறன் குறைவையும் பதிவு செய்திருக்கிறார்கள். நம் மாவட்டத்து மரக்காணத்திலும் உப்பளம் உண்டு. அங்கே பெண்கள் தண்ணீர் குறைவாகக் குடிப்பது தாகம் இல்லாமல் அல்ல. ஒதுங்க ஒரு மறைவு இல்லை. வெட்டவெளியில் கழிப்பறை கட்டுவது சிறுநீரகத் தடுப்புத் திட்டம் என்று சொன்னால் கோப்பில் எந்தத் துறை கையெழுத்துப் போடும்? சுகாதாரத் துறையா, தொழிலாளர் துறையா, தொழில் துறையா?

இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதி நெல் விவசாயிகளிடம் 1990களிலிருந்தே இப்படிக் காரணம் தெரியாத நோய். ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானத்தில் முந்திரி, தென்னை விவசாயிகளிடம் இதே. இலங்கையில் ஒற்றைக் குற்றவாளியைத் தேடித் தேடியே கழிந்த காலம் அதிகம். காட்மியம் என்றார்கள், ஃப்ளூரைடு என்றார்கள், 2015இல் கிளைஃபோசேட் களைக்கொல்லியைத் தடை செய்து, சில ஆண்டுகளில் தளர்த்தினார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை. மத்திய அமெரிக்காவில், குவாத்தமாலாவும் சேர்த்துத்தான், கரும்பு வெட்டும் இளைஞர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அங்கே நிகராகுவாவில் ஓர் ஆலை, காரணம் முழுக்க நிரூபணமாகட்டும் என்று காத்திருக்காமல், வேறு வழி பார்த்தது: நேரம் தவறாத ஓய்வு, வயலுக்கே நகர்த்திச் செல்லும் நிழற்கூடாரம், உப்புச் சத்து கலந்த தண்ணீர். சிறுநீரகக் காயம் குறைந்ததாக அளந்தே காட்டினார்கள். எனக்கு இந்த வழிதான் பிடிக்கிறது. தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அறிவிப்பு கமிட்டி முற்றத்துக்கு வரும்போது என்னவாக வர வேண்டும்? மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை மூட்டை இறக்கம் நிறுத்தம், கூலி குறையாமல். கைக்கெட்டும் தூரத்தில் குடிநீர்.

செஞ்சி வட்டாரத்துக்கென்றே இன்னும் இரண்டைச் சொல்லியாக வேண்டும். ஒன்று கண்ணாடி விரியன். மல்லாட்டை பிடுங்கும்போதும் நெல் அறுக்கும்போதும் கடிக்கிற பாம்பு. அதன் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கும். நஞ்சுமுறி மருந்து போட்டுப் பிழைத்தவரைப் பூமாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் முழுதாகத் தேறுவதில்லை. 2024 நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. பெயர் பதிவாகிறது என்றால், அதே பெயரை ஆறு மாதம் கழித்து எடுத்துச் சிறுநீரும் கிரியாட்டினினும் பார்ப்பதற்கு என்ன தடை?

மற்றது மூலிகை. கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் சித்த மருத்துவத்துக்கு எதிரியல்ல. ஆனால் வேலியோரம் படரும் ஆடுதீண்டாப்பாளை இருக்கிறதே, ஆடுகூடத் தீண்டாத அந்தக் கொடியின் இனத்தில் அரிஸ்டலோகிக் அமிலம் இருக்கிறது. 1990களில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது இதே இனச் செடியால்தான். பிறகு புற்றும் வந்தது. புளிச்சங்காய்ச் சாறு, நட்சத்திரப் பழம் இரண்டும் சிறுநீரகம் பலவீனமானவருக்கு விஷம்போலத்தான். லேபிள் இல்லாத பற்பம், செந்தூரம் பற்றிச் சித்த மருத்துவர்களே எச்சரிப்பார்கள். ஆனால் நேர்மையாகச் சொன்னால், செஞ்சி பஜாரில் மூலிகையைவிட அதிகச் சிறுநீரகத்தைக் கெடுப்பது, முன்பே சொன்னேனே, அந்தக் கத்தரித்த அட்டை. வலிமாத்திரையைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டத்தோடு நிறுத்தினால் மூட்டை சுமப்பவரின் வலி என்னாவது? பாரசிட்டமாலை முதலில் கொடு, மூன்று நாளுக்கு மேல் வலித்தால் மருத்துவரிடம் அனுப்பு என்று கடைக்காரருக்கே பயிற்சி கொடுக்கலாம். அவர் நம் ஊர்க்காரர்தான், நம்மைவிட நோயாளியை நன்றாக அறிந்தவர்.

கண்டுபிடித்துவிட்டால் செய்வதற்கு மருந்து உண்டா என்று கேட்பீர்கள். முன்பு குறைவு. இன்று உண்டு. எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் வகை மாத்திரைகள் புரத ஒழுக்கைக் குறைத்து நோயை மெதுவாக்குகின்றன. 2020இல் டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை, சர்க்கரை இல்லாதவருக்கும் சிறுநீரகத்தைக் காக்கிறது என்று பெரிய ஆய்வு காட்டியது. அதே ஆண்டு இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்தது. இப்போது பல கம்பெனிகள் தயாரிக்கின்றன, ஒரு மாத்திரை சில ரூபாய்தான். மலிவு விலை மருந்துக் கடைகள் வந்திருக்கின்றன, 2025இல் முதல்வர் மருந்தகங்களும் சேர்ந்துகொண்டன. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உடம்பில் நீர் வற்றும்போது இந்த மாத்திரைகளைச் சில நாள் நிறுத்தச் சொல்வோம். இதை நோயாளிக்கு வாயால் சொன்னால் போதாது, மாத்திரை உறையில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கொள்கை என்ற பெரிய வார்த்தையைச் செஞ்சி அளவில் எழுதிப் பார்த்தால் எனக்கு இப்படித்தான் வருகிறது. முப்பது வயது தாண்டிய எல்லோருக்கும் ஆண்டுக்கொரு சிறுநீர்ப் பட்டைச் சோதனை, வீட்டு வாசலில். வயல், சூளை, கமிட்டி, உப்பளத் தொழிலாளருக்குச் சர்க்கரை இருக்கிறதோ இல்லையோ கிரியாட்டினினும் சேர்த்து. தப்பாக வந்தால் மூன்று மாதத்தில் மறுசோதனை, அதற்குப் பொறுப்பாக ஒரு செவிலியரின் பெயர். டயாலிசிஸ் திட்டத்துக்குப் போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பக்கத்தில் இதற்கு எவ்வளவு போனது என்று மாவட்ட ஆட்சியரகத்தில் ஆண்டுதோறும் ஒரு வெளிப்படைக் கணக்கு. டயாலிசிஸ் இயந்திரம் திறக்க அமைச்சர் வருகிறார், ரிப்பன் வெட்டுகிறார், மறுநாள் படம் வருகிறது. சிறுநீர்ப் பட்டைக்கு ரிப்பன் கட்ட முடியாது. ஸ்ரீபெரும்புதூர் மறக்கப்பட்டதற்கு என் கணக்கில் இதுவும் ஒரு காரணம்.

உங்களில் யாருக்காவது குடும்பத்தில் சிறுநீரக நோய் இருந்தால், சர்க்கரையோ கொதிப்போ இருந்தால், கர்ப்ப காலத்தில் அழுத்தம் ஏறியிருந்தால், பாம்பு கடித்துப் பிழைத்தவரானால், ஆண்டுக்கணக்கில் வலிமாத்திரை சாப்பிட்டிருந்தால், இந்த வாரமே போய் இரண்டு சோதனை கேளுங்கள்: ரத்தத்தில் கிரியாட்டினின், காலைச் சிறுநீரில் ஆல்புமின். கிரியாட்டினின் எண்ணோடு நிற்காமல், அதிலிருந்து கணக்கிடும் வடிகட்டு வீதம் எவ்வளவு என்றும் கேளுங்கள். அறுபதுக்குக் கீழே வந்தால் பயப்பட வேண்டாம். மூன்று மாதம் கழித்து மறுபடி போங்கள். முந்தின நாள் வெயிலில் கடுமையாக உழைத்திருந்தால் சோதனையை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள்.

மணி எட்டாகப் போகிறது. திருவண்ணாமலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் கேள்வி கேட்கட்டும். உள்ளூர்க்காரர்கள் பிறகு கேட்கலாம்.